மின்சார இரட்டைப் படகு: கட்ட நினைப்பவர்கள் கேட்டவை

தன்னார்வலர்கள் துணையோடு வீட்டிலேயே ஆறு மீட்டர் நீளத்தில் மின்சார கேட்டமரான் (இரண்டு மெல்லிய உடல்களைச் சேர்த்துக் கட்டிய படகு) கட்ட விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், ஒற்றை உடல் படகைக் கட்டுவதுதானே சுலபம்? எதற்கு இரண்டு?

சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரியில் ஓட வேண்டுமென்றால் இரட்டை உடலைத்தான் சொல்வேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதே அளவு ஆற்றலுக்கு லித்தியம் பேட்டரி வைத்தால் எழுபது, எண்பது கிலோ ஆகிவிடும். எஞ்சின் முக்கால்வாசியை வெப்பமாக வீணடித்தாலும் பெட்ரோலின் கைதான் ஓங்கி நிற்கும். அதனால் தண்ணீரின் தடையைக் குறைத்தே தீர வேண்டும். அகலத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் நீளமுள்ள மெல்லிய உடல் அலையை அதிகம் எழுப்பாமல் போகும். அப்படி ஒன்றை மட்டும் மிதக்க விட்டால் கவிழ்ந்துவிடும், இரண்டைச் சேர்த்துக் கட்டினால் நிற்கும். மேலே சோலார் பேனல் விரிக்க இடமும் கிடைக்கிறது.

கேள்வி: 48 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம்?

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட். பதினாறு செல் சேர்ந்தால் 51.2 வோல்ட் (48 வோல்ட் என்று சொல்வது இதைத்தான்), மொத்தம் 5 கிலோவாட் மணிக்குக் கொஞ்சம் மேல். அதில் நாலை மட்டும் கணக்கில் வையுங்கள், மீதி கரை சேர. ஒரு கிலோவாட்டில் மணிக்கு 7 கிலோமீட்டர் போகும் படகு என்றால் 28 கிலோமீட்டர். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகும். அரை மணி நேரத்தில் பேட்டரி காலி, போன தூரம் வெறும் 7 கிலோமீட்டர். பெரிய மோட்டார் வாங்கத் துடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: சோலார் மட்டும் போதாதா?

நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பேனல் சுமார் 200 வாட் தரும். ஐந்து சதுர மீட்டர் இருந்தால் உச்சி வெயிலில் மெதுவாக ஓட்டலாம், மேகம் வந்தால் முடியாது. 2010 செப்டம்பரில் மொனாக்கோவிலிருந்து கிளம்பி 2012 மே மாதம் உலகைச் சுற்றி முடித்த பிளானட் சோலார் என்ற சூரிய சக்திப் படகு 31 மீட்டர் நீளம். அதில் 500 சதுர மீட்டருக்கும் மேல் பேனல் இருந்தது. அவ்வளவு இருந்தும் நிதானமாகத்தான் போனார்கள்.

கேள்வி: அண்ணா, உதவிக்கு நிறைய பேர் வருகிறார்கள். யாருக்கு என்ன வேலை கொடுப்பது?

நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். ஆசையோடு வருகிறவர்கள் அள்ளிக் கொடுப்பார்கள்: கொஞ்சம் கூடுதல் எபாக்சி பிசின், இன்னும் நாலு ஸ்க்ரூ, பலத்துக்கு ஒரு கட்டை. ஒவ்வொன்றும் சின்னதுதான், சேர்ந்தால் படகு கனத்துவிடும். ஏறுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை உடல் கூடுதலாகத் தள்ள வேண்டும். எனவே உள்ளே போகும் எல்லாவற்றையும் தராசில் வைத்து எழுதுங்கள். அந்தப் பொறுப்பை ஒருவரிடமே விடுங்கள், கறாரான ஆளாகப் பார்த்து.

பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலப்பதும் ஒரே ஆள் வேலை. விகிதம் தப்பினால் இறுகவே இறுகாது. சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. பெரிய கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிப் புகையும். கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்துச் சேர்ப்பது, கண்ணாடி இழைத்துணி வெட்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் புதியவர்களே செய்யலாம். தேய்க்கிறவர் முகமூடி போட்டிருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி: எபாக்சி பட்டு எனக்குக் கை அரிக்கிறது. களிம்பு தடவிக்கொண்டு வேலையைத் தொடரலாமா?

வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். ஒவ்வாமை ஒரு முறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது, பிறகு சிறிதளவு பட்டாலும் கிளம்பும். மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் நைட்ரைல் கையுறை போடட்டும். தோலில் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், தின்னர் கூடவே கூடாது.

கேள்வி: வயரிங் தெரிந்த நண்பர் இருக்கிறார். தனியாக விடலாமா?

அவர் செய்யட்டும், இன்னொருவர் சரிபார்க்கட்டும். 3 கிலோவாட் மோட்டார் அறுபது ஆம்பியர் இழுக்கும். இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கே தீப்பிடிக்கும். ஃப்யூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்க வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பெரிய சுவிட்ச். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள், உப்புக் காற்றில் வெறும் செம்பு கறுத்துவிடும்.

கேள்வி: முதல் முறை தண்ணீரில் இறக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கயிற்றில் கட்டியபடியே இறக்குங்கள். ஆட்களின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் கேன்களை ஏற்றி, இரண்டு உடலும் ஒரே அளவு அமிழ்கிறதா பாருங்கள். சாய்ந்தால் பேட்டரியை நகர்த்துங்கள். இரண்டு உடலையும் இணைக்கும் குறுக்கு உத்திரங்களில் ஏதாவது முனகல் சத்தம் வருகிறதா, கேளுங்கள். அலையில் ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது முறுக்கு முழுவதும் அங்கேதான் விழும். அப்புறம், கேட்டமரான் ஒரு முறை கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஒவ்வொரு உடலுக்குள்ளும் தண்ணீர் புகாத தடுப்பறைகள் இருக்கட்டும். ஏறுகிற எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, நீச்சல் தெரிந்தவருக்கும்தான்.