வைகைக் கரை உடைந்தால் அந்தக் காலத்தில் எப்படி அடைத்தார்கள்?

பாதி பதில் பிட்டுக்கு மண் சுமந்த கதையிலேயே இருக்கு. வெள்ளம் வந்ததும் பாண்டியன் கரையைப் பங்கு பிரித்து, வீட்டுக்கு ஓராள் வரச் சொல்கிறான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காக மண் சுமக்க வந்தவர் சொக்கநாதர். கூலி, உதிர்ந்த பிட்டு. புராணம்தான். ஆனால் ஊர்கூடிக் கரை காத்த குடிமராமத்து நிஜம்.

உடைப்பில் வெறும் மண்ணைக் கொட்டினால் தண்ணீர் வாரிக்கொண்டு போய்விடும். முதலில் உடைந்த இரு முனைகளும் மேலும் அரிக்காதபடி காப்பார்கள். பிறகு மரக்கம்புகளை நெருக்கமாக அடித்து, இடையில் தழை, வைக்கோல், ஓலை திணிப்பார்கள். வேகம் தணிந்த பிறகுதான் கூடை மண். கொட்டக் கொட்ட மிதித்து இறுக்கணும். மிதிக்காத மண் மறுநாளே கசியும்.

1959-ல் வைகை அணை வந்தபின் கதை வேறு: 71 அடி வரை நீர் தேக்கும் அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டாலே கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை.