ஸ்டீரிங் எந்தப் பக்கம்?

கேள்வி: பழைய பொருட்கள் விற்கும் இணையதளம் ஒன்றில் 1957-ஆம் வருட ஃபியட் 1100 கார் 38,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம். ஜம்முவுக்கு மாற்றலாகிவிட்டதால் அவசரமாக விற்கிறார். வண்டி சென்னை விமான நிலையத்துக்குள் நிற்பதால் நேரில் பார்க்க முடியாது. ராணுவ லாரியில் ஏற்றி வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்களாம். அடையாள அட்டை, ஆதார், கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கேட் பாஸுக்கு என்று 2,150 ரூபாய் கட்டிவிட்டேன். இப்போது லாரி வாடகை 6,500 கேட்கிறார். என் அப்பா ஓட்டிய அதே மாடல் என்பதால் மனசு கேட்கவில்லை. என் மனைவியோ ‘ஃப்ராடு’ என்கிறாள். நாட்டைக் காக்கிற ஒருவரைச் சந்தேகப்படுவது நியாயமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. 6,500 ரூபாயைக் கட்டாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்து, கட்டிய 2,150-க்குப் புகார் கொடுங்கள். (இந்தப் பதில் அச்சாகி வரும்வரை நீங்கள் காத்திருக்கக்கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் தகவல் சொல்லியாயிற்று.)

இனி படங்களுக்கு வருவோம். மொத்தம் ஐந்து அனுப்பியிருக்கிறீர்கள். நான்காவது படத்தில் டேஷ்போர்டு தெரிகிறது. ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தீர்களா? இடப்பக்கம். நம் ஊரில் ஓடிய ஃபியட் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. ஸ்டீரிங் வலப்பக்கம்தான் இருக்கும். அதை நீங்கள் கேட்டபோது ‘செல்ஃபி கேமராவில் எடுத்தது, திரும்பித் தெரியும்’ என்று பதில் வந்ததாக வாட்ஸ்அப் உரையாடலில் இருக்கிறது. நீங்களும் ‘ஓகே சார்’ போட்டிருக்கிறீர்கள். படம் திரும்பியிருந்தால் ஸ்பீடாமீட்டரில் உள்ள எண்களும் திரும்பியிருக்க வேண்டாமா? அவை ஒழுங்காக நேராகவே இருக்கின்றன. அது இடப்பக்க ஸ்டீரிங் வைத்த நாட்டில் எவரோ ஆசையாக வளர்க்கும் வண்டியின் படம். சுட்டு எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது படம் வேறு வண்டி. அதில் முன்கதவு இப்போதைய கார்களைப் போலவே முன்பக்கக் கீலில் திறக்கிறது. 1957-ல் வந்த ஃபியட் 1100-க்கு முன்கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும். கதவு பின்பக்கமாகத் திறக்கும். நம் நாட்டில் அது மாறியது 1960-களில்தான். அப்பாவின் வண்டியில் ஏறி இறங்கியவர் நீங்கள், எனக்குச் சொல்லித்தர வேண்டியவரே நீங்கள்தான். விளம்பரத் தலைப்பில் ‘பத்மினி’ என்று இருப்பதை மட்டும் நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். அந்தப் பெயர் 1970-களில் வந்தது என்றாலும், பழைய ஃபியட் எல்லாவற்றையும் பத்மினி என்றே சொல்கிற யோக்கியமான ஆட்கள் நிறையப் பேர் உண்டு.

ராணுவ வீரர் விஷயம். சென்னை விமான நிலையத்துக்குக் காவல் நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ராணுவம் அல்ல. விற்றுப்போன சொந்தக் காரை வாங்கியவர் வீட்டில் கொண்டுபோய் இறக்குவது ராணுவ லாரியின் வேலையும் அல்ல. அந்த அடையாள அட்டை அசலாகவே இருக்கலாம், பல சமயம் அப்படித்தான். எப்போதோ எதையோ விற்கவோ வாங்கவோ போய் அட்டையின் படத்தை அனுப்பிய ஒரு சிப்பாயின் முகத்தைத்தான் இவர்கள் பல வருடமாக ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் சந்தேகப்படுவது வீரரை அல்ல, அவர் பெயரைத் திருடியவனை. சீருடையைப் பார்த்ததும் கேள்வி கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்பதுதான் அவன் கணக்கு. உங்கள் கடைசிக் கேள்வியே அந்தக் கணக்கு தப்பவில்லை என்று காட்டுகிறது.

6,500-ஐயும் கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? லாரியில் கார் ஏறியதாக ஒரு ரசீது வரும், முத்திரையோடு. மறுநாள் காலை டிரைவர் பேசுவார்: ‘சார், பரனூர் டோல்கேட்ல நிக்கிறேன், ஜி.எஸ்.டி. பில் இல்லாம விடமாட்டேங்கிறாங்க.’ அதற்கு ஒன்பதாயிரம். அடுத்து இன்சூரன்ஸ், வண்டி வந்து சேர்ந்ததும் திரும்பக் கிடைத்துவிடுமாம். அப்புறம் தாமதக் கட்டணம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இவ்வளவு கட்டிவிட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே என்று நீங்களே கட்டிக்கொண்டு போவீர்கள். கடைசியில் நீங்கள் சண்டைக்குப் போகும்போது, ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய PIN நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு அந்த PIN நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். 2,150-ஐத் திருப்பிக் கேட்டு நீங்கள் மறுபடி அவனிடம் பேசினால் இது இப்போதே நடக்கும். பேசாதீர்கள்.

உங்களைப் பேராசைக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 38,000 என்ன வேலை செய்தது என்று பாருங்கள். மூன்று லட்சம் என்று போட்டிருந்தால் நீங்கள் பஸ் பிடித்துப் போயிருப்பீர்கள், கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு. 38,000 என்றதும், அதிகம் கேட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்ற பயம் வந்துவிட்டது. வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவிடாமல் உங்கள் வாயை அடைப்பதற்குத்தான் அந்த விலை. இதே கதையை அமெரிக்காவில் டாலரில் நடத்துகிறார்கள். அங்கே கணவர் இறந்துபோன பெண்மணி, இல்லையென்றால் வெளிநாடு போகிற சிப்பாய். ‘கார் ஷிப்பிங் கம்பெனியில் இருக்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்’ என்பார்கள். கார் மட்டும் எங்கேயும் கிடையாது.

புகாரைத் தொலைபேசியோடு நிறுத்தாமல் சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலும் (cybercrime.gov.in) பதியுங்கள். பணம் போன தேதி, யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், அந்த ஆளின் எண், உரையாடல் படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். மோசடிக்கான பழைய 420-ஆம் பிரிவு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஏழு வருடம் வரை சிறை உண்டு. உங்கள் 2,150 திரும்பி வருமா என்றால், புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்கு வாய்ப்பு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

ஃபியட் ஆசை தப்பில்லை. நிஜ வண்டி ஒன்றைப் பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேல்புறம் எல்லாம் வைத்துப் பாருங்கள். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். இந்த வண்டிக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் (ஃபிரேம்) கிடையாது, பாடியும் தரையும் ஒன்றே. அங்கே துரு தின்றிருந்தால் டிங்கரிங் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். 38,000-க்கு நிஜமாகவே ஒரு ஃபியட் கிடைத்தால்கூட அது பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

ஆர்.சி. புக்கில் இருக்கிற சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று தடவிப் பார்த்துச் சரிபாருங்கள். ‘பழைய நம்பர் சார், கம்ப்யூட்டர்ல ஏறல’ என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், அதனால்தான் பொய் சொல்லவும் வசதி. அந்தந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் சொந்தக்காரரே உங்கள் எதிரில் கையெழுத்துப் போடட்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக ஏறியிருக்கிறது, அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

50 வருடம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிய 2021-லிருந்து தனி விதி இருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு என்று எடுக்கலாம், அவ்வளவுதான். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனை இருந்தால், அதற்கும் அனுமதி இல்லை.