பட்டாயாவில் யாருடைய பணம்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஈரோட்டில் பெயின்ட், ஹார்டுவேர் வியாபாரம் செய்கிறேன். விற்பனை இலக்கை எட்டிய டீலர்களை எங்கள் கம்பெனி சென்ற ஆண்டு தாய்லாந்துக்கு அழைத்துச் சென்றது. அதில் இரண்டு இரவுகள் பட்டாயாவில். பகலில் தீவுச் சுற்றுலா, இரவில் பார்களும் பாலியல் தொழிலும் நிறைந்த வாக்கிங் ஸ்ட்ரீட் என்னும் தெரு. உடன் வந்தவர்களில் பலர் எதற்காக வந்தார்கள் என்பது விமானத்திலேயே தெரிந்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அது பேச்சாயிற்று. "நாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு பேரும் வயது வந்தவர்கள். நம் பணத்தில்தான் அந்தப் பெண்ணின் குடும்பம் சாப்பிடுகிறது. உனக்கு ஏன் வலிக்கிறது?" என்றார் மூத்த அண்ணன் ஒருவர். "அந்த ஊர் கலாசாரமே அப்படித்தான்" என்றார் இன்னொருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் சங்கடம் வெறும் நடுத்தர வர்க்கக் கூச்சம்தானா? இந்த ஆண்டும் இலக்கை எட்டிவிட்டேன். மறுபடியும் அதே ஊர்தான் என்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செ., ஈரோடு

அன்புள்ள செ. அவர்களுக்கு,

'அந்த ஊர் கலாசாரம்' என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற வாதங்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

தாய்லாந்தில் பாலியல் தொழில் 1960ஆம் ஆண்டிலேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டுவிட்டது. அப்போது நாட்டை ஆண்டவர் ராணுவத் தளபதி சரித் தனரத். ஆறே ஆண்டுகளில், 1966இல், அவருக்குப் பின்வந்த ராணுவ ஆட்சி பார்களுக்கும் நடன விடுதிகளுக்கும் மசாஜ் நிலையங்களுக்கும் உரிமம் வழங்கும் தனிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு, வியட்நாமில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்காகவும் கேளிக்கைக்காகவும் தாய்லாந்துக்கு வந்துபோக இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பட்டாயா அதுவரை மீனவர் குடியிருப்பாகவும் பாங்காக்வாசிகள் வார இறுதியில் வந்துபோகும் கடற்கரையாகவும் இருந்த சிற்றூர். அதற்குத் தெற்கே அருகிலேயே உள்ள ஊதபாவ் தளத்திலிருந்து 1967 முதல் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமுக்குப் பறந்தன. அறுபதுகளின் இறுதியில் தாய்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். உங்கள் நண்பர்கள் கலாசாரம் என்று கண்டது, ஒரு போரின் தேவைக்காக இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு உருவாக்கிய ஏற்பாட்டின் தொடர்ச்சி.

1976க்குள் படைகள் வெளியேறிவிட்டன. கட்டிய விடுதிகளும் பார்களும் அவற்றுக்குப் பழகிய முதலாளிகளும் வெளியேறவில்லை. அவற்றை நிரப்ப ஆள் வேண்டியிருந்தது, அரசுக்கு அன்னியச் செலாவணி வேண்டியிருந்தது. 1980இல் துணைப் பிரதமராக இருந்த பூன்சூ ரோஜனஸ்தியென் மாகாண ஆளுநர்களிடம் பேசும்போது, சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் சில கேளிக்கைகள் அருவருப்பாகத் தோன்றினாலும் வேலைவாய்ப்பை எண்ணி அவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். 1987ஐத் தாய்லாந்து தன் சுற்றுலா ஆண்டாகவே கொண்டாடியது. அமெரிக்கர்கள் வருவதற்கு முன்பே அங்கு இத்தொழில் இருந்தது, இன்றும் அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் தாய்லாந்து ஆண்களே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நியான் விளக்குகளோடு நீங்கள் நடந்துபோன அந்தத் தெரு அவர்களுக்காகப் போடப்பட்டதன்று. அது வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது.

அடுத்து, 'நம் பணத்தில்தான் அவள் குடும்பம் சாப்பிடுகிறது' என்ற வாதம். அதில் ஓர் உண்மை இருப்பதால்தான் நீங்கள் வாயடைத்துப் போனீர்கள்.

பட்டாயாவிலும் பாங்காக்கிலும் பார்களில் நிற்கும் பெண்களில் மிகப் பலர் இசான் என்னும் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். நாட்டின் பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இசான். மணற்பாங்கான, பல இடங்களில் உப்புப் பூத்த மண், வானம் பார்த்த நெல் சாகுபடி. மண் மட்டும் அவர்களை ஏழைகளாக்கவில்லை. 1955 முதல் 1986 வரை தாய்லாந்து அரசு அரிசி ஏற்றுமதிமீது ஒரு சிறப்பு வரி விதித்துவந்தது. ஏற்றுமதியில் விழுந்த அந்தச் சுமை உள்நாட்டு நெல் விலையைத் தாழ்த்தியது. நகரத்தில் அரிசி மலிவாயிற்று. அரிசி மலிவானதால் ஆலைத் தொழிலாளியின் கூலியும் மலிவாகவே இருக்க முடிந்தது. பாங்காக் தொழில்நகரமாக எழுந்ததற்கு இசான் விவசாயி முப்பது ஆண்டுகள் தன் விளைச்சலில் கழிவு கொடுத்திருக்கிறார். நெல் விற்று உரக்கடனைக்கூட அடைக்க முடியாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் நகரத்துக்கு வண்டியேறினார்கள்.

அவர்களில் மகள்கள்மீது கூடுதல் பாரம் ஒன்று உண்டு. அங்கே மகன் சில காலம் துறவாடை உடுத்திப் புத்த மடத்தில் இருந்துவந்தால் பெற்றோருக்குப் புண்ணியம் சேர்த்துக் கடன் தீர்த்தவனாகிவிடுகிறான். பெண்ணுக்குப் பிக்குவாகும் வழி அங்கு மூடப்பட்டிருக்கிறது. வீட்டைத் தாங்கி, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, பணம் அனுப்பித்தான் அவள் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். பொருளியல் அறிஞர் பாசுக் பொங்பைச்சித் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக பாங்காக் மசாஜ் நிலையங்களில் வேலை செய்த பெண்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 1982இல் வெளிவந்தது. பட்டணத்து மோகத்தால் கெட்டுப்போன பெண்கள் என்று ஊர் பேசிய அவர்கள், வீட்டுக்குக் கூரையும் தம்பிக்குப் பள்ளிக் கட்டணமும் அனுப்பிக்கொண்டிருந்த குடும்பத் தலைவிகளாக அதில் தெரிந்தார்கள்.

ஆகவே அந்தப் பணம் ஒரு குடும்பத்தைப் போய்ச் சேர்கிறது என்பது மெய்தான். ஆனால் சேர்வது எவ்வளவு, அதற்கு முன் எத்தனை கைகள் நீள்கின்றன என்பதையும் உங்கள் அண்ணன் பார்த்திருக்க வேண்டும். பெண்ணை வெளியே அழைத்துப்போக வாடிக்கையாளர் பாருக்குக் கட்டும் 'பார் ஃபைன்' அவள் வேலையில் இல்லாத நேரத்துக்காக முதலாளி வாங்கும் ஈடு. அவளுக்கு வாங்கித்தரும் 'லேடி டிரிங்க்' விலையில் ஒரு பங்குதான் அவளுக்கு. மாதத்துக்கு இத்தனை டிரிங்க், இத்தனை பார் ஃபைன் என்று பல பார்களில் இலக்கு உண்டு, குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். இலக்கு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் இலக்கை எட்டியதற்குப் பரிசாகப் போன ஊரில், அவள் தன் இலக்கை எட்டுவதற்காக உங்கள் முன் சிரித்துக்கொண்டு நின்றாள். உரிமம் பெற்ற பார் நடைமுறையில் சட்டத்துக்குள் இருக்கிறது, குற்றவாளியாக நிற்பது பெரும்பாலும் அவள்தான். இப்போது நடைமுறையில் உள்ள 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெருவில் வாடிக்கையாளரை அழைத்தால் அபராதம் அவளுக்குத்தான்.

ஒரு நாட்டின் ஏற்றுமதியையும் சுற்றுலா வருவாயையும் இரண்டு தலைமுறையாகத் தாங்கிய கிராமங்களைப் பார்த்து 'நாங்கள்தான் உங்களுக்குச் சோறு போடுகிறோம்' என்று நான்கு நாள் விருந்தாளி சொல்வது எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்ற கணக்கு நேர் எதிராக இருக்கிறது.

கட்டாயப்படுத்தவில்லை என்பதைப் பற்றி. 1985இல் பாங்காக்கின் பட்பாங் பகுதியில் தொடங்கிய எம்பவர் என்ற அமைப்பு, அந்தப் பெண்களே பேசும் அமைப்பு. எங்களை மீட்க வேண்டிய பாவப்பட்ட பிறவிகளாகப் பார்க்காமல் தொழிலாளர்களாகப் பாருங்கள், காவல்துறைச் சோதனைகள் எங்களைக் கடனிலும் சிறையிலும்தான் தள்ளுகின்றன என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். 2025இல் தாய்லாந்தின் நாள் குறைந்தபட்சக் கூலி மாகாணத்துக்கேற்ப 337 முதல் 400 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை. அந்தக் கூலியில் ஆலையில் நிற்பதா, பாரில் நிற்பதா என்று ஒரு வயது வந்த பெண் எடுக்கும் முடிவை இங்கிருந்து எடைபோட எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் அவளுடைய முடிவுக்கு உள்ள மதிப்பை உங்கள் நண்பர் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. எதிரே இருப்பவள் தானாக வந்தவளா, கடனுக்காக அனுப்பப்பட்டவளா, மியன்மாரிலிருந்தோ லாவோஸிலிருந்தோ காகிதமில்லாமல் கொண்டுவரப்பட்டவளா, அவளுக்கு உண்மையில் என்ன வயது என்பதை அறிய அவருக்கு அந்த இரவில் எந்த வழியும் இல்லை. விரும்பி வந்தவள்போல் நடந்துகொள்வதற்குத்தானே அவளுக்குப் பணம் தரப்படுகிறது. 1984 ஜனவரியில் புக்கெட் நகரில் ஒரு பாலியல் விடுதி தீப்பற்றியபோது தப்பிக்க முடியாதபடி உள்ளே அடைக்கப்பட்டிருந்த ஐந்து இளம்பெண்கள் கருகி இறந்தார்கள். அதற்கு முந்தைய இரவுவரை அங்கே போய்வந்த ஆண்களும் 'நாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை' என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

அந்த உடல்கள் கொடுத்த விலை இன்னொன்றும் உண்டு. 1989இல் சியாங்மாய் நகரின் பாலியல் விடுதிப் பெண்களிடம் நடந்த பரிசோதனையில் 44 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. விடுதிகளில் ஆணுறை இல்லாமல் வாடிக்கையாளரை ஏற்கக் கூடாது என்ற திட்டத்தை ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991இல் நாடெங்கும் கொண்டுவந்தார்கள். 1991இல் ஏறத்தாழ 1,43,000 ஆக இருந்த புதிய தொற்றுகள் 2003இல் ஏறத்தாழ 19,000 ஆகக் குறைந்தன. உலகமே பாராட்டிய இந்த வெற்றியில் அந்தப் பெண்களின் ஒத்துழைப்பு பெரும்பங்கு. நோயைத் தடுக்க வேண்டியபோது அரசின் கண்ணுக்கு அவர்கள் தெரிந்தார்கள். 2020இல் கொரோனாவால் பார்கள் மூடப்பட்டு உதவித்தொகை வழங்கியபோது, தொழிலாளர் என்ற ஆதாரமில்லாத பலர் விடுபட்டுப்போனார்கள். 2021இல் எம்பவர் பெண்கள் தங்கள் உயரக் குதிகால் செருப்புகளைக் கொண்டுபோய் பாங்காக்கில் அரசு மாளிகைக்கு முன் வைத்து உதவி கேட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். யூடியூபில் தமிழிலேயே பட்டாயா இரவுக் காணொளிகள் காணக் கிடைக்கின்றன. கைபேசியை மார்போடு பிடித்துக்கொண்டு, நிற்கும் பெண்களின் முகத்தைக் காட்டி, விலை சொல்லிச் சிரிக்கிறார்கள். உணவகத்தில் வேலை என்று வீட்டில் சொல்லியிருக்கும் ஒரு பெண்ணின் முகத்தை ஊரறியக் காட்டுவது அவளுக்கு என்ன செய்யும் என்று அவர்கள் ஒரு நொடிகூட எண்ணுவதில்லை. உங்கள் குழுவில் யாராவது அப்படி எடுத்து வாட்ஸப்பில் போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சங்கடம் கூச்சம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்களைப் பார்த்து உங்களுக்கு அருவருப்பு வந்திருந்தால் அதைக் கூச்சம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஆணவம் என்பேன். உங்கள் கடிதத்தில் அது இல்லை. உங்களை உறுத்தியது அந்தக் காலைச் சாப்பாட்டு மேசையில் உங்கள் தோழர்கள் பேசிய பேச்சு. அந்த உறுத்தல் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்: அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரிடம் போகும் வாடிக்கையாளருக்குச் சிறை உண்டு. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கு இங்கே வழக்குத் தொடரவும் நம் தண்டனைச் சட்டத்தில் இடமுண்டு.

இனி உங்கள் பயணம். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களை விசா இல்லாமலேயே வர அனுமதித்தது, 2024இல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போயிருக்கிறார்கள். அவர்களில் குழந்தைகளோடு கோயிலும் கடலும் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். தாய்லாந்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்களை மட்டும் கூட்டமாக ஏற்றிப் பட்டாயாவில் இறக்கிவிடும் பரிசை எந்த நோக்கத்தோடு தருகிறார்கள் என்பது தருபவருக்கும் தெரியும், பெறுபவருக்கும் தெரியும். உங்களைப் போல் எண்ணும் டீலர்கள் இன்னும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து விற்பனை மேலாளரைச் சந்தித்து, குடும்பத்தோடு போகும் பயணமாக மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் அந்தத் தொகையை எங்கள் கணக்கில் வரவு வைத்துக் கிரெடிட் நோட் போட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் மனைவியின் பெயரில் ஜிஎஸ்டி பதிவு செய்து, அவரே கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் கடைகள் சில இருக்கும். இலக்கை எட்டிய அந்தப் பெண்களுக்கு இந்தப் பயணத்தில் இடம் எங்கே என்றும் அந்தக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.