முழங்கால் குருத்தெலும்பில் பள்ளம்: துளை போட்டால் போதுமா?

கேள்வி: வயது 34. பந்து விளையாடும்போது முழங்கால் திருகிக்கொண்டது. தொடை எலும்பின் முனையில் 1.5 செ.மீ.க்கு 2 செ.மீ. அளவில் குருத்தெலும்பு முழுசாகப் பெயர்ந்திருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் தெரிகிறது. ஒரு டாக்டர் மைக்ரோஃப்ராக்சர் போதும் என்கிறார், இன்னொருவர் செல் வளர்த்து வைக்கலாம் என்கிறார். எதைச் செய்துகொள்வது?

பதில்: முழங்காலில் எது போனாலும் ‘ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்றுதான் சொல்கிறோம். உங்களுக்குப் போயிருப்பது ஜவ்வு இல்லை, எலும்பு முனையை வழவழவென்று மூடியிருக்கும் சில மில்லிமீட்டர் தடிமன் குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாயே கிடையாது, அதனால் தானாக ஆறாது.

அந்த ரத்தத்தை வரவழைக்கும் தந்திரம்தான் மைக்ரோஃப்ராக்சர். சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டு, திரையில் பார்த்தபடியே பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடியில் இருக்கும் எலும்பில் 3, 4 மி.மீ. இடைவெளி விட்டுக் கூரான கருவியால் குத்துவார்கள். உள்ளே தெளிவாகத் தெரிவதற்காக மூட்டுக்குள் பாய்ச்சும் நீரின் அழுத்தத்தைக் குறைத்ததும் ஒவ்வொரு துளையிலிருந்தும் ரத்தமும் மஜ்ஜைக் கொழுப்பும் சொட்டுச் சொட்டாகக் கசிவது திரையிலேயே தெரியும். அது உறைந்து, மெல்ல மெல்லப் புதுத் திசுவாக மாறும். ஆனால் வளர்வது பழைய குருத்தெலும்பு இல்லை, தழும்பு மாதிரி நார்த்தன்மை உள்ள ஒன்று. சில வருடம் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் தேயக்கூடும். 2 சதுர செ.மீ.க்குக் குறைவான பள்ளம் என்றால் சரி, உங்களுடையதோ சுமார் 3. அதனால் எனக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை.

பாரம் அதிகம் விழாத இடத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சின்னச் சின்ன உருளைகளாகக் குருத்தெலும்பை எடுத்துப் பள்ளத்தில் பதிக்கும் மொசைக்பிளாஸ்டி என்று ஒன்று உண்டு. கிடைப்பது அசல் குருத்தெலும்பு, ஒரே ஆபரேஷன். எடுத்த இடத்தில் வலி தங்கலாம். செல் சிகிச்சை என்றால் இரண்டு ஆபரேஷன்: முதலில் துளி திசு எடுத்து ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்து, பிறகு வைப்பார்கள். ஸ்வீடனில் தொடங்கிய இந்த முறையின் முடிவுகள் 1994-லேயே வெளிவந்துவிட்டன, புதுசு ஒன்றுமில்லை. பெரிய பள்ளங்களுக்கு நல்லது, செலவு அதிகம். உங்கள் அளவுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் யோசிப்பேன். மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு இவை எதுவும் உதவாது.

தேதி குறிக்கும் முன் நின்றபடி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கால் வளைந்திருந்து பாரமெல்லாம் அந்தப் பக்கமே விழுந்தால், எதை வைத்தாலும் நிற்காது. எலும்பை வெட்டி நேராக்கவும் வேண்டியிருக்கும். அப்புறம், எதைச் செய்தாலும் பெரும்பாலும் 6 வாரமாவது ஊன்றுகோலோடுதான், அதற்கு வேலையில் லீவு கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.