வசனம் தெரிந்த மகளிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: எனக்கு 52 வயது. ராயபுரத்தில் இருக்கிறோம். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் மகளுக்கு 27 வயது. கூட வேலை பார்க்கும் வியாசர்பாடிப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். இந்துக் குடும்பம். பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விசுவாசி விசுவாசியைத்தான் மணக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதீர்கள் என்ற வசனத்தை எடுத்துச் சொன்னால், "உனக்கு மதம்தான் பிரச்சினையா, இல்ல சாதியாம்மா?" என்று கேட்கிறாள். எங்கள் ஆயர் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து என்னிடம் சரியாக முகம் கொடுத்துக்கூடப் பேசுவதில்லை. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராயபுரம்

அன்புள்ள சகோதரி,

நம்பிக்கையை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நானும் சபையில் வளர்ந்தவள். தன் மகளோடு சேர்ந்து முழங்காலில் நின்று ஜெபிக்கிற ஒரு துணை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதில் என்ன தவறு? இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நீங்கள் அதை மறைக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தப் பதில் வராதவரை நீங்கள் எந்த வசனத்தைக் காட்டினாலும் எடுபடாது. நம் வீடுகளில் நடப்பதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வரன் தேடும் விளம்பரத்தில் "கிறிஸ்தவ மணமகன் தேவை" என்று போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே சாதியைப் போடுகிறோம். எத்தனை பவுன் என்று பேசி முடித்த பிறகுதான் ஜெபம் செய்து நிச்சயம் பண்ணுகிறோம். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியரில் பவுல் எழுதியதை ஞாயிறு பள்ளியில் நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்?

அதனால் ஒருநாள் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். அதே தெரு, அதே வீடு, அதே பையன், ஆனால் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன் என்றால் சரி என்று சொல்லியிருப்பீர்களா? ஆம் என்றால் அதை மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்பிக்கையைத் தவிர வேறு எதுவும் உங்களைத் தடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும், பாதிச் சண்டை அங்கேயே முடியும். மனசு தயங்குகிறது என்றால் அந்தத் தயக்கத்தை, அந்நிய நுக வசனத்தை எழுதிய பவுல் மேல் ஏற்றாதீர்கள். அது அவருக்கும் நியாயமில்லை, உங்கள் மகளுக்கும் நியாயமில்லை.

வசனத்துக்கு வருகிறேன். அந்நிய நுகம் வருவது 2 கொரிந்தியர் 6:14-இல். அந்தப் பகுதியில் திருமணம் என்ற பேச்சே இல்லை, விக்கிரக ஆராதனையிலிருந்து விலகி நிற்பதைப் பற்றியது. சபை நெடுங்காலமாக அதைத் திருமணத்துக்கும் பொருத்திச் சொல்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. இன்னும் நேராகப் பேசுவது 1 கொரிந்தியர் 7:39. ஒரு விதவை தனக்கு இஷ்டமானவனை மணக்கலாம், அவன் கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் என்கிறது. நாம் பின்பாதியை மட்டும் சத்தமாகச் சொல்கிறோம். அதே அதிகாரத்தில்தான், விசுவாசியாக இல்லாத கணவன் கூட வாழச் சம்மதித்தால் அவனை விட்டுப் பிரிய வேண்டாம் என்றும் இருக்கிறது. இஸ்ரவேலர் அல்லாத மோவாபியப் பெண்ணான ரூத்தின் பெயர் மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில் நிற்கிறது. இதெல்லாம் உங்கள் மகளுக்கும் தெரியும், வளர்த்தது நீங்களாயிற்றே. நீங்கள் ஒரு வசனம் சொன்னால் அவள் ஒன்று எடுப்பாள், கடைசியில் இரண்டு பேர் மனசும் கசந்துபோகும்.

உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சேர்ந்து ஜெபித்தது எந்த நேரத்தில் உங்களைத் தாங்கியது, எந்த நேரத்தில் அது இல்லாமல் தனியாகத் தவித்தீர்கள் என்று சொல்லுங்கள். பைபிளில் எங்கே இருக்கிறது என்று அதற்கு யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் பயங்களைக் கேள்விகளாகக் கேளுங்கள், இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுப்பீர்களா, குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவீர்களா? ஆயுத பூஜைக்கு அவள் படையல் போட வேண்டும் என்று மாமியார் எதிர்பார்ப்பாரா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்கு அவள் போவதில் அவனுக்கு மனக்குறை வருமா? நாளைக்கு இருவரில் ஒருவர் போய்ச் சேர்ந்தால் காசிமேடு கல்லறைத் தோட்டமா, சுடுகாடா? அபசகுனம் என்று நினைத்து இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். காதலிக்கும்போது இதையெல்லாம் யாரும் பேசிக்கொள்வதில்லை. பதில்களைக் கேட்டு அவளே தயங்கலாம். தெளிவான பதிலோடு வந்து உங்கள் பயத்தைக் குறைக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் மனசைத் தயாராக வைத்திருங்கள்.

ஆயரை மறுபடியும் அனுப்பாதீர்கள். நாலு பேர் சுற்றி நின்று தலையில் கைவைத்து ஜெபிப்பதெல்லாம் இந்த நேரத்தில் அவளுக்கு மிரட்டலாகத்தான் படும். கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்ற பேச்சையும் எடுக்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "பையனை ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லுங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்று சொந்தக்காரர்கள் நிச்சயம் சொல்வார்கள். கல்யாணத்துக்காக மட்டும் எடுக்கும் ஞானஸ்நானம், ஞானஸ்நானத்தையே அவமதிப்பது. அதோடு, பையன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மதம் மாறியவுடன் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குத்தான் வருவார். நம் வீட்டுக் கௌரவத்துக்காக ஒருவருடைய கல்வி, வேலை உரிமையில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்பது பல சபைகள் வைத்திருக்கும் விதி, சட்டம் அதைக் கேட்கவில்லை. கோயிலில் தாலி கட்டி இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் அந்தச் சட்டத்தில் நடக்கும் திருமணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாரும் மதம் மாறாமல் செய்ய 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தேவை.

பையனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றி அவன் கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்லித்தானே பேதுருவும் எழுதியிருக்கிறார். கேட்காவிட்டால் சும்மா சாப்பாடு போட்டு அனுப்புங்கள். அதற்கப்புறம் அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். உங்களுக்கு இருக்கிற கவலையெல்லாம் அவருக்கும் இருக்கலாம், இதுவரை அவரிடம் அதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.