சக்கர நாற்காலி இப்போது யாரிடம்?

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து ஒரு சிறிய நலக்குழு நடத்துகிறோம். படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, ஏர் பெட், வாக்கர் போன்றவற்றை இரவல் கொடுப்பது, ரத்தம் தேவைப்படுகிறவர்களுக்கு ஆள் தேடித் தருவது, தனியாக வாழும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது, இவைதான் வேலை. நான் அலுவலகம் போகிறவள். மிச்ச நேரமெல்லாம் இதற்கே சரியாக இருக்கிறது.

சேரும்போது மனிதர்களுக்கு நேரடியாக ஏதாவது செய்யப்போகிறோம் என்று நினைத்தேன். இப்போது நான் செய்வதெல்லாம் போன் பேசுவது, ரசீது எழுதுவது, நாற்காலி யார் வீட்டில் இருக்கிறது என்று தேடுவது, கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுவது. ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தே வெகுநாள் ஆகிறது. வீட்டிலும், "ஊருக்கெல்லாம் ஓடுறே, எங்களோட உட்கார மட்டும் நேரமில்லை" என்கிறார்கள். அதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நான் செய்வது சேவையா, குமாஸ்தா வேலையா? விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

சு.

அன்புள்ள சு.,

விட வேண்டாம். ஆனால் இப்போது போய்க்கொண்டிருக்கிற மாதிரியே தொடரவும் வேண்டாம்.

முதலில் அந்தக் குமாஸ்தா வேலையைப் பற்றிப் பேசிவிடலாம். இப்படி ஒரு குழுவோடு நானும் நெடுநாளாகத் தொடர்பில் இருப்பவன். நாற்காலியைக் கொண்டுபோய் ஒரு வீட்டில் இறக்கிவைப்பது கொஞ்ச நேர வேலை, யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கேட்கிற நேரத்தில், ஓடுகிற நிலையில் ஒரு நாற்காலி கையில் இருப்பதுதான் கஷ்டம். நாளைக் காலையில் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று மகன் முந்தின நாள் சாயங்காலம் போன் செய்வார். பதிவேட்டைப் பார்த்தால் எல்லா நாற்காலியும் வெளியே இருக்கும். அதில் ஒன்று, நோயாளி எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பி வராமல், யாரோ வீட்டுப் பின்புறத்தில் துணி போட்டுவைக்கிற இடமாக ஆகியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் மனம் நோகாமல் கேட்டு வாங்க வேண்டும். சக்கரத்துக்குக் காற்று அடித்து, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, கழன்று எங்கோ கிடக்கும் கால்மிதியைத் தேடி மாட்டி, கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் மறுநாள் அந்த அம்மாள் வந்து இறங்கும்போது வாசலில் நாற்காலி நிற்கும். உங்களை அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி, வலியில் முனகிக்கொண்டே அவர் வீட்டுக்குள் போக வேண்டியிருந்த அவஸ்தை அன்றைக்கு இல்லாமல் போனது, நீங்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்ததால்தான்.

ஏர் பெட் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். மோட்டார் ஓடி, பெட்டின் அறைகளில் காற்று மாறி மாறி ஏறி இறங்குவதால் உடம்பின் பாரம் ஒரே இடத்தில் நிற்காது. படுக்கைப்புண் வராமல் தடுக்க அது உதவும். ஆனால் ஏர் பெட் போட்டாயிற்றே என்று நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதையே விட்டுவிடும் வீடுகள் உண்டு. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது செவிலியர்கள் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது. ஏர் பெட்டில் கிடந்தாலும் புரட்டத்தான் வேண்டும், இடைவெளியை மட்டும் மருத்துவரோ செவிலியரோ நோயாளியைப் பார்த்து முடிவு செய்வார்கள். பெட்டைக் கொடுத்த மறுநாள் கூப்பிட்டு, "மோட்டார் ஓடுதா? அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறீங்களா? இடுப்புல, குதிகால்ல எங்கேயாவது சிவந்திருக்கா?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி ஒரு மனிதரைப் பல வார வேதனையிலிருந்து காப்பாற்றலாம். முகத்தைப் பார்க்காமல் செய்ததால் அது சேவை இல்லை என்று ஆகிவிடாது.

இதைவிடக் கஷ்டமான போன் ஒன்று உண்டு. நோயாளி இறந்துபோன வீட்டிலிருந்து பொருளைத் திரும்ப வாங்குவது. எங்கள் குழுவில் இதை ஒரு அக்கா பார்த்துக்கொள்கிறார். அவர் போனில் கேட்கவே மாட்டார், நேரில் போவார். போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதையெல்லாம் கேட்பார். கடைசி நாளில் என்ன நடந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, யார் கடைசியாகக் கையைப் பிடித்திருந்தார்கள், எல்லாம். நாற்காலியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. சில வீடுகளில் அவர்களே, "முதல்ல அதை எடுத்துட்டுப் போயிடுங்கக்கா, பார்க்கவே முடியலை" என்பார்கள். வேறு சில வீடுகளில் மகள் அந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பேசுவாள். அங்கே இன்னும் சில நாள் அது இருக்கட்டும் என்று அக்கா எழுந்து வந்துவிடுவார். இன்னொரு பக்கம், அதே நாற்காலிக்காக வேறொரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று எந்த நாளில் கேட்பது, எப்படிக் கேட்பது என்று யோசிக்கிறவரைக் குமாஸ்தா என்று யாரால் சொல்ல முடியும்?

ரத்தப் பட்டியலும் இப்படித்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பெயரும் போன் நம்பரும். ஒருமுறை ரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை காத்திருக்க வேண்டும், நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரித்தெடுத்த சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் 42 நாள்தான் அதிகபட்சம். தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், சாதாரணமாக 5 நாள். ஆக ஒரே நாளில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கவைத்தால் அன்றைக்குப் பெருமையாக இருக்கும், அடுத்த மாதம் ஒருவர் உயிருக்குப் போராடும்போது கூப்பிட ஆள் இருக்காது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ரத்தம் கொடுக்க மக்கள் வரிசைகட்டி நின்றார்கள். தேவைக்கு மேல் சேர்ந்த ரத்தத்தில் பெரும் அளவு காலாவதியாகி அழிக்கப்பட்டது. அந்த மக்களின் நல்ல மனதில் ஒரு குறையும் இல்லை. "இன்றைக்கு நீங்கள் போங்கள், நீங்கள் ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்று முறை வைத்துச் சொல்வதுதான் கடினமான வேலை. உங்கள் கையில் இருக்கும் பட்டியல் அதைத்தான் செய்கிறது. யார் எப்போது கொடுத்தார், யாருக்கு இப்போது மருந்து ஓடுகிறது, இரவில் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார் என்பதெல்லாம் அதில் இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் தலையில் இருக்கும். கூடவே, தேவை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் 'அவசரம், ரத்தம் தேவை' வாட்ஸப் செய்திகள். அதைப் பார்த்ததும் பகிராமல், அதில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டு விசாரிக்கிற ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும்.

ஹென்றி டுனான்ட்டைத் தெரியும்தானே, செஞ்சிலுவை இயக்கம் பிறக்கக் காரணமானவர். 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் சோல்ஃபெரினோ போர் நடந்தது. தன் வியாபார விஷயமாக அந்தப் பக்கம் போயிருந்த அவர், அருகிலிருந்த காஸ்திலியோனே என்கிற ஊரில் தேவாலயங்களிலும் தெருக்களிலும் காயம்பட்டவர்கள் கிடப்பதைப் பார்த்தார். உடனே என்ன செய்தார் என்பதைப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார். தன் வண்டிக்காரரைப் பக்கத்து நகரத்துக்கு அனுப்பிச் சாமான் வாங்கிவரச் சொன்னார். சட்டை, கட்டுத்துணி, ஸ்பாஞ்சு, குண்டூசி, எலுமிச்சை, சர்க்கரை, புகையிலை என்று போகிறது பட்டியல். சிறுவர்களைப் பிடித்து வாளியில் தண்ணீர் சுமந்துவரச் செய்தார். சாகக் கிடந்தவர்கள் சொல்லச் சொல்ல வீட்டுக்குக் கடிதம் எழுதினார். காயத்துக்குக் கட்டுப் போட்டது ஒரு பங்கு என்றால் ஆள் சேர்த்ததும், சாமான் வரவழைத்ததும், எழுதியதும் இன்னொரு பங்கு. 1862-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர் முன்வைத்த யோசனையும் இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். போர் வந்த பிறகு ஓடாதீர்கள், சமாதான காலத்திலேயே தொண்டர்களைச் சேர்த்துத் தயாராக வைத்திருங்கள் என்றார். அடுத்த வருடமே ஜெனிவாவில் அதற்கான குழு அமைந்தது. தயாராக இருப்பது என்றால் என்ன? பெயர் எழுதிய பட்டியலும், அலமாரியில் சரிபார்த்து வைத்த பொருளும், அவற்றைக் கவனித்துக்கொள்கிற ஓர் ஆளும்தான்.

ஜேன் ஆடம்ஸ் 1889-ல் சிகாகோவின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஹல் ஹவுஸ் என்கிற சேவை இல்லத்தைத் தோழியோடு சேர்ந்து தொடங்கினார். 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். 1895-ல் அவருக்குக் கிடைத்த பதவி, அந்த வட்டாரத்துக் குப்பை ஆய்வாளர். விடிகாலையில் எழுந்து, குப்பை வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புகின்றனவா என்று பார்த்து, அவற்றின் பின்னாலேயே குப்பைமேடு வரை போனார். அள்ளாத குப்பையால் அந்தத் தெருக்களில் குழந்தைகள் சாகிறார்கள் என்று அவர் நினைத்தார், அதனால் வண்டிக்குப் பின்னால் போவதை அவர் சின்ன வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரசீதைப் பற்றிச் சுருக்கமாக. சின்னத் தொகை கொடுக்கிறவர்களை வைத்துத்தான் இப்படிப்பட்ட குழுக்கள் ஓடுகின்றன. கணக்கில் ஒரு தடவை சந்தேகம் விழுந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. ரசீது எழுதுவதை மட்டும் எக்காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். வீட்டில் சொல்வது நியாயம்தான். டுனான்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வியாபாரம் 1867-ல் நொடித்துப்போனது. பொதுவேலையில் மூழ்கி அதைக் கவனிக்காமல் விட்டதும் ஒரு காரணம். பிறகு வருடக்கணக்கில் வறுமையில், யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தார். 1901-ல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் ஃபிரெடெரிக் பாஸிக்கும் சேர்த்துக் கிடைத்தபோது அவர் சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்கிற ஊரில் ஒரு மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்தார். இயக்கம் அவர் இல்லாமலேயே வளர்ந்தது. அவ்வளவு பெரிய மனிதர் விலகிய பிறகும் ஓடிய வேலை, நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காவிட்டால் நின்றுவிடும் என்றால், நாம் அதை நடத்துகிற முறையில்தான் கோளாறு.

உங்கள் கடிதத்தில் நான்கு வேலை எழுதியிருக்கிறீர்கள். நான்கையும் 'நான்' என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. கூப்பிட்டால் வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள், போவார்கள் என்று நினைக்கிறேன். நல்லவர்கள்தான். ஆனால் சொல்கிறவர் நீங்கள் ஒருவராகவே இருக்கிற வரைக்கும் அவர்கள் நாற்காலி தூக்குகிறவர்களாகவே இருப்பார்கள், நீங்கள் களைத்துக்கொண்டே போவீர்கள். ஒருவரிடம் வேலையைக் கொடுக்கிறபோது முடிவெடுக்கிற உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். காத்திருக்கிற இரண்டு வீட்டில் யாருக்கு முதலில் நாற்காலி என்பதை அவரே தீர்மானிக்கட்டும். நீங்கள் செய்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்கள், பரவாயில்லை. இரவு அழைப்புக்கு முறை வையுங்கள், ஒரு வாரம் ஒருவர் என்று. உங்கள் முறை இல்லாத வாரத்தில் போன் அடுத்தவரிடம் போகட்டும், வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அரைகுறையாகக் காதைக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பது இல்லாமல் இருப்பதைவிட அவர்களை அதிகம் நோகடிக்கும்.

இல்லை என்று சொல்லவும் பழக வேண்டும். பள்ளிக்கட்டணம், வேலைவாய்ப்பு, குடும்பத் தகராறு என்று எல்லாமே உங்களிடம் வரும், ஏனென்றால் நீங்கள் போனை எடுக்கிறவர். அதற்கென்று வேறு யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவர்களிடம் அனுப்புங்கள். வெறுமனே முடியாது என்பதற்கும், "இது எங்களால் ஆகாது, இவரைப் பாருங்கள்" என்பதற்கும் கேட்கிறவருக்கு நிறைய வித்தியாசம் உண்டு.

அப்புறம் அந்த முகம் பார்க்காத வருத்தம். அது லேசானது இல்லை, அதை அலட்சியம் செய்யாதீர்கள். எவ்வளவு முக்கியமான போனாக இருந்தாலும், மனிதர்களைப் பார்க்காமல் செய்துகொண்டே இருந்தால் உள்ளுக்குள் வறண்டுவிடும். தனியாக இருக்கிற முதியவர்களில் ஒருவரை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நீங்கள்தான் அங்கே போக வேண்டும், அதை மட்டும் யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் எழுத அங்கே ஒன்றும் இருக்காது. அவர் ஏற்கெனவே சொன்ன கதையை மறுபடி சொல்வார், கேட்டுவிட்டு வாருங்கள்.

கைமாற்றுவதை இரவல் பொருள் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். அதில் எல்லாமே எழுத்தில் இருக்கிறது, புதிதாக வருகிறவர் சில நாளில் பிடித்துக்கொள்வார். ரத்தப் பட்டியலை அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிட முடியாது. அதில் பாதி உங்கள் தலைக்குள் இருக்கிறது. முதலில் அதையெல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிற அழைப்புகளை அவரைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்.