ஃபேனை நிறுத்துங்கள், அப்புறம் ஆக்‌ஷன் சொல்லலாம்: வாசகர் கேள்வி - பதில்

பள்ளித் திரைப்பட மன்றம், சினிமா - டிவி படிப்பு, அதிலுள்ள வேலைகள் பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஒன்பதாம் வகுப்பும் பிளஸ் ஒன்னுமாக 18 பிள்ளைகள். கையில் இரண்டு போன், ஒரு ஸ்டாண்ட். எட்டு நிமிடக் குறும்படம் எடுத்தோம். வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. வகுப்பறைக் காட்சி முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் 5,000 ரூபாய் தருகிறார்கள். கேமரா வாங்கலாமா?
– அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், மேலூர்

கேமரா வேண்டாம். 5,000 ரூபாய்க்கு வரும் எதுவும் உங்கள் போனைவிட நன்றாக எடுக்காது. பணத்தை ஒலிக்குச் செலவழியுங்கள்.

கிணற்றுச் சத்தம் ஏன் வருகிறது? வகுப்பறை ஏறக்குறைய 20-க்கு 20 அடி. சிமெண்ட் தரை, பூசின சுவர், மேலே கான்கிரீட். பேசுகிற பிள்ளைக்கு எட்டடி தள்ளிப் போனை நிறுத்தினால், நேராக வரும் குரலைவிடச் சுவரில் மோதித் திரும்பும் குரல்தான் மைக்கில் அதிகம் ஏறும். எடிட்டிங்கில் அதைக் கழுவி எடுக்கப் பார்த்தால் குரல் தகரமாகிவிடும். எனவே மைக் வாய்க்கு ஒன்றரை அடிக்குள் வர வேண்டும். காசே இல்லாத வழி: இரண்டாவது போனில் குரல் பதியும் ஆப்பை ஓட விட்டு, பேசுகிறவரின் சட்டைப் பையில், மைக் ஓட்டை மேலே பார்க்கிற மாதிரி வையுங்கள். விமான மோடில் போட மறக்காதீர்கள். நல்ல டேக்கின் நடுவில்தான் யாராவது போன் பண்ணுவார்கள்.

காசு இருக்கிறபோது, ஒயர் உள்ள காலர் மைக் இரண்டு வாங்குங்கள். உங்கள் போனில் டைப்-சி ஓட்டை மட்டும் இருந்தால் அதற்கான கன்வர்ட்டரைக் கடையிலேயே மாட்டி, பதிந்து, கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பாட்டு கேட்க மட்டும் உதவி, மைக்கை ஏற்காத கன்வர்ட்டர்கள் நிறைய உண்டு. மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே, மார்பு நடுவில் குத்துங்கள். கஞ்சி போட்ட யூனிஃபார்ம் உரசி 'கரகர' என்றால், மைக்கைச் சட்டையின் உள்பக்கமாக மைக்ரோபோர் டேப்பால் (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) ஒட்டி, ஒயரைக் கீழே ஒரு சுருள் விட்டு இன்னொரு டேப் போடுங்கள். பிள்ளை திரும்பும்போது இழுபடுவது சுருள்தான், மைக் அசையாது. ஆப்பில் ஒலி அளவு காட்டுமானால், சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும். கிழிந்த குரலைத் தைக்க முடியாது.

அடுத்தது ஃபேன். நிறுத்துங்கள். மதுரை வெயிலில் நாலு நிமிடம் வியர்க்கும், அவ்வளவுதான். மூடிய அறையில் கேமராவுக்குப் பின்னால் இரண்டு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, தரையில் ஒன்று விரித்தால் எதிரொலி பாதி அடங்கும். அலமாரி நிறையப் புத்தகம் உள்ள நூலக அறை கிடைத்தால் வகுப்பறையைவிட நல்லது. வேப்பமரத்தடி அதைவிட நல்லது. அங்கே காற்றுக்கு மட்டும் மைக்மேல் ஸ்பாஞ்சும் அதற்குமேல் கம்பளித் துணியும் சுற்றுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஷூட்டிங் முடிந்ததும் யாரும் வாய் திறக்காமல் 30 விநாடி வெறும் சத்தத்தைப் பதியுங்கள். வசனத்துக்கு நடுவில் விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் ஒட்டுத்துணி. 18 பிள்ளைகள் 30 விநாடி சும்மா நிற்பது லேசில்லை. முதல் வாரப் பயிற்சியே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பட்டைக்குக் காரணம் போன் அல்ல, கரண்ட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. போன் தானாக விநாடிக்கு 30 ஃபிரேமில் (படத்தில்), அதற்கேற்ற ஷட்டரில் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி வாங்கும் நேரம்) எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை ஓடும். கேமரா ஆப்பின் புரோ மோடில் (அளவுகளை நாமே வைக்கும் வசதி) 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி வையுங்கள். வெளிச்சம் அதிகமென்றால் 1/100. புரோ மோடு இல்லாத போனில் செட்டிங்ஸுக்குள் 'ஆன்டி ஃப்ளிக்கர்' இருந்தால் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் இல்லையா? டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலோரம் எடுங்கள். வெளியில் மத்தியான வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும், அங்கே ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஷூட்டிங்கைக் காலை 9 மணிக்குள்ளோ மாலை 4 மணிக்கு மேலோ வைப்பது இன்னும் உத்தமம்.

மிச்சப் பணத்தில் ஒரு மெமரி கார்டு, ஒரு பவர் பேங்க், இரண்டு தெர்மோகோல் தகடு. தகடுகளை அட்டையில் ஒட்டிவிடுங்கள், வெறும் தகடு முதல் காற்றிலேயே ஒடியும். வெயில் நடிகரின் முதுகுக்கு வர நிறுத்தி, எதிர்ப்புறமிருந்து தெர்மோகோலால் முகத்துக்கு வெளிச்சம் தள்ளுங்கள். பிடிக்கிற பிள்ளை கை ஆடினால் முகத்தில் வெளிச்சம் ஆடும், அதனால் அந்த வேலையைப் பொறுமைசாலியிடம் கொடுங்கள். ரிங் லைட், கிம்பல் (போன் ஆடாமல் பிடிக்கும் கருவி) இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

லேபில் எடிட் பண்ணினால் முதலில் சரியாக இருக்கும் வாயசைவு, போகப்போக விலகிவிடுகிறது. கம்ப்யூட்டர் பழுதா?
– பிளஸ் ஒன் மாணவர், திருமங்கலம்

கம்ப்யூட்டர்மேல் பழி வேண்டாம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகியிருந்தால், ஒலியையும் படத்தையும் சேர்த்த இடம் தப்பு. ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒருவர் கேமரா முன் கைதட்டி, கை சேரும் ஃபிரேமையும் 'டப்' சத்தத்தையும் பொருத்தினால் தீரும். நீங்கள் சொல்வது போகப்போக விலகுவது. பெரும்பாலான போன்கள் ஒரே சீராக ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலும் போன் சூடானாலும் எண்ணிக்கை ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரானதென்று நம்பி அடுக்க, ஒலி பின்தங்கும். எடிட் தொடங்குமுன் எல்லா கிளிப்பையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஃபிரேம் ரேட் 25, 'கான்ஸ்டன்ட்' என்று மாற்றி எடுங்கள். முக்கால்வாசி எடிட் முடிந்தபிறகு மாற்றினால் வெட்டின வெட்டெல்லாம் இடம் மாறும்.

லேப் கம்ப்யூட்டர் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் பாரத்தைத் தாங்காது. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். 'பிராக்ஸி' வசதியைப் போட்டால் சின்ன அளவு நகலை வைத்து வேகமாக வெட்டி, கடைசியில் பெரிய அளவில் எடுக்கலாம். பென் டிரைவிலிருந்தே நேராக எடிட் பண்ணாதீர்கள். டிரைவைப் பிடுங்கினால் கிளிப்பெல்லாம் காணாமல் போகும்.

காமர்ஸ் குரூப் படிக்கிறேன். தரமணியில் கேமரா படிக்க முடியுமா?
– பிளஸ் டூ மாணவி, உசிலம்பட்டி

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் தமிழக அரசுடையது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டு காட்சிக்கலைப் பட்டப்படிப்பு. அதில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தின் நிறத்தைச் சீராக்கும் வேலை) இவற்றுக்கு இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். உங்கள் குரூப்புக்கு இயக்கம் - திரைக்கதை, எடிட்டிங், அனிமேஷன் - விஷுவல் எஃபெக்ட்ஸ் திறந்திருக்கின்றன. விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் கையேட்டை வரிவரியாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கேமராதான் என்று பிடிவாதம் என்றால், மதுரையிலேயே விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பட்டம் முடித்துவிட்டு, புனே, கொல்கத்தாவிலுள்ள மத்திய அரசு திரைப்பட நிறுவனங்களின் நுழைவுத்தேர்வை எழுதலாம். அங்கே முதுநிலைப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது கேமரா கனவோடு இருந்தால், பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள். ஒளியின் விதியும் லென்ஸும் இயற்பியல் பாடப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

லாஸ் ஏஞ்சல்ஸில் அரசுப் பள்ளியிலேயே சினிமா சொல்லித் தருகிறார்களாமே, உண்மையா? ஜார்ஜ் குளூனி நடத்துகிறாரா?
– வாசகர், அனுப்பானடி

பள்ளி உண்மை. நடத்துவது அந்த நகரத்தின் பொதுப் பள்ளி வாரியம். ராய்பால் என்ற உயர்நிலைப் பள்ளி வளாகத்துக்குள் திரைப்பட - தொலைக்காட்சித் தயாரிப்புக்கென ஒரு சிறப்புப் பிரிவு. 2021-ல் அறிவித்து, 2022-ல் முதலில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளோடு தொடங்கினார்கள். குளூனி, டான் சீடில், ஈவா லாங்கோரியா போன்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் அதன் பின்னால் நின்று தொழில்துறையோடு இணைத்துவிட்டவர்கள். அங்கே நோக்கம் நட்சத்திரங்களை உருவாக்குவதல்ல. திரையில் பெயர் சின்னதாக ஓடும் வேலைகள், அதாவது கேமரா, ஒலி, எடிட்டிங், மேக்கப், செட், உடை, விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆகியவற்றுக்கு வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் கொண்டுவருவது. கணக்கு, அறிவியல், இலக்கியம் எல்லாம் வழக்கம்போல் உண்டு, அவற்றைத் தொழிலோடு கோத்துச் சொல்லித் தருவதுதான் திட்டம்.

நம் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிட்டு, பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறார்கள். பார்ப்பதிலிருந்து செய்வதற்குப் போக, மேலே மேலூர் ஆசிரியர் கேட்டது போன்ற கேள்விகளே வாசல். கணக்கு வாத்தியார் ஒரு நாள் பட்ஜெட் போடச் சொல்லலாம்: 12 பேர் யூனிட், இரண்டு நாள், சாப்பாடு, வேன், பேட்டா. புரொடக்‌ஷன் மேனேஜர் வேலையின் முதல் பாடம் அந்தத் தாளில் முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் ஷூட்டிங் வைக்கிறார்கள். 11 வயது மகளை நடிக்கக் கேட்கிறார்கள். என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?
– தாய், சோழவந்தான்

'கலெக்டர் அனுமதி வாங்கியாச்சா?' என்று முதலில் கேளுங்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையை நடிக்க வைக்க, ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற வேண்டும். 'படிவம் சி' என்ற உறுதிமொழியும், உங்கள் சம்மதமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் பெயரும் அதோடு போகும். அந்தப் பொறுப்பாளர் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகளுக்கு மேல் கூடாது.

வேலை நேரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படிப்பு நிற்காமல் பார்ப்பது தயாரிப்பாளர் கடமை. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அரசுடைமை வங்கியில் பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மகளுக்கு இஷ்டமில்லையென்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது, நீங்கள் உட்பட. 'ஒரே நாள்தானம்மா, இதெல்லாம் எதுக்கு' என்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஆல்பம் எடுத்து வாய்ப்பு வாங்கித் தருவதாக 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

கட்டாதீர்கள். நடிக்க வருகிறவருக்குக் காசு கொடுப்பதுதான் வழக்கம், வாங்குவதல்ல. பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர் முன்னால், மேக்கப் இல்லாமல் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று, அதோடு பெயரும் வயதும் உயரமும் சொல்லும் ஒரு நிமிட வீடியோ. நடிகர் தேர்வுக்கு இதைத்தான் கேட்பார்கள்.

மகால், சமணர் மலை, கோயில் இங்கெல்லாம் பள்ளிப் படம் எடுக்கலாமா? டிரோன் விடலாமா?
– திரைப்பட மன்ற மாணவர்கள், நாகமலை புதுக்கோட்டை

திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம், சமணர் மலைச் சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையிடம். தலைமையாசிரியர் கையெழுத்தோடு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். போன் கையில் இருக்கும்வரை கண்டுகொள்ளாத காவலர், ஸ்டாண்டை விரித்ததும் வந்துவிடுவார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனே கூடாது, வெளியில் சித்திரை வீதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலையடிவாரக் குளமும் ஆலமரமும் போதுமென்றால், கீழக்குயில்குடி ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

டிரோன் வேண்டாம். அதற்கான பைலட் சான்றிதழுக்கே 18 வயது ஆக வேண்டும். விமான நிலையம் அவனியாபுரம் பக்கம் என்பதால், மதுரையில் எங்கெங்கே பறக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மேலிருந்து ஷாட் வேண்டுமென்றால் பள்ளி மொட்டைமாடி இருக்கிறது, கைப்பிடிச் சுவர் உள்ள பக்கமாக, ஆசிரியர் கூட நிற்க.

மதுரைப் பேச்சில் வசனம் எழுதினோம். பிள்ளைகள் பேசினால் சினிமா மாதிரி வருகிறது, ஊர் மாதிரி வரவில்லை.
– தமிழாசிரியை, வாடிப்பட்டி

வசனத் தாளில் 'ஏலே', 'வாலே' இருந்தால் முதலில் அடியுங்கள். அது தாமிரபரணிக் கரைப் பேச்சு. இங்கே 'அங்கிட்டு', 'இங்கிட்டு', 'வாங்கண்ணே', 'என்னாங்கிற' என்று போகும். தாளைக் கையில் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். காட்சியைச் சொல்லி, இரண்டு பேரைச் சந்தைக் கடையில் நிற்பதுபோல் பேசவிட்டு, போனில் பதிந்து, அதைக் கேட்டு வசனத்தைத் திருத்துங்கள். இரண்டாவது தடவை தாளே தேவைப்படாது. டேக் எடுக்கும்போது மட்டும் ஒருவர் பேச்சு முடியுமுன் அடுத்தவர் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரல்மேல் குரல் விழுந்தால் எடிட்டில் வெட்ட இடம் கிடைக்காது.